கடலின் சூட்டைச் சுவரில் காட்டுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் ஒரு நண்பரின் மதிலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஐந்து மீற்றர் எல்ஈடி பட்டி ஒன்றை ஒட்டினோம். கடல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதற்கேற்ப அதன் நிறம் மாறும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்றிலிருந்து றோட்டால் போகிறவர்கள், கடலை விற்கிற அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒருநாள் ஒரு பொலிஸ்காரர் என்று எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இதே போல ஒன்றைத் தங்கள் தெருவில் செய்ய விரும்புகிறவர்களும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன, வெசாக் லைட்டா? கோயில் திருவிழாவா?

இரண்டும் இல்லை. அலங்கார லைட் தன் பாட்டுக்கு மின்னும். இது ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்ட லைட். எண் ஏறினால் நிறம் மாறும், இறங்கினால் பழைய நிறத்துக்கு வரும். எங்கள் விருப்பத்துக்கு அதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

யோசனை ஒன்றும் புதிதில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில் 1950 இலிருந்து வானிலை விளக்கு ஒன்று எரிகிறது. நிலையான நீலம் என்றால் தெளிந்த வானம், மின்னும் நீலம் என்றால் முகில், நிலையான சிவப்பு என்றால் மழை, மின்னும் சிவப்பு என்றால் பனி. கோடையில் பனி பெய்யாதே, அப்போது மின்னும் சிவப்பு வந்தால் அன்றைய பேஸ்போல் ஆட்டம் கைவிடப்பட்டது என்று அர்த்தம். ஊர்ச்சனம் முழுவதும் அந்த விளக்கைப் படிக்கப் பழகிவிட்டது. நாளைய வானிலையைச் சொன்ன அந்த விளக்கின் இடத்தில் பல வருடக் காலநிலையைச் சொல்லும் எண்ணை வைத்தால், இப்போது நாம் பேசுகிற விஷயம் வந்துவிடும்.

வெளிநாட்டில் யார் யார் செய்திருக்கிறார்கள்?

நிறையப் பேர். எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலிடம் பின்லாந்துக்கு. 2008 பெப்ரவரியில் ஹெல்சிங்கியின் சல்மிசாரி நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியிலிருந்து வரும் ஆவியின் மேல், ஹேஹே என்ற பெயரில் இயங்கும் ஹெலன் எவன்ஸும் ஹைக்கோ ஹான்சனும் பச்சை லேசர் ஒளியால் முகிலின் விளிம்பை வரைந்தார்கள். அந்தப் பகுதி வீடுகளில் மின்சாரப் பாவனை குறையக் குறைய, பச்சை முகில் பெரிதாகும். நாங்கள் நினைப்பதற்கு நேர் எதிர், இல்லையா? கூடாத காரியம் கூடினால் லைட் கூடும் என்றுதான் எல்லோரும் செய்வார்கள். இவர்கள் சனம் நல்லது செய்தால் லைட் பெருகும்படி வைத்தார்கள். கடைசி நாள் இரவு ஒரு மணித்தியாலம் வீடுகளில் சுவிட்சை நிறுத்திவிட்டு, வெளியே வந்து முகில் வளர்வதைப் பார்த்தார்கள். பார்வையாளனுக்கும் அதில் ஒரு கை இருந்தது. அதனால்தான் அது எனக்கு உசத்தி.

அடுத்தது அன்ட்ரியா பொல்லியின் துகள் நீர்வீழ்ச்சி. 2010 இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில், ஒரு கட்டடச் சுவரில் நீல ஒளி நீர்வீழ்ச்சியாக விழுந்தது. பக்கத்தில் வைத்த கருவி காற்றிலுள்ள நுண்துகளை அளந்துகொண்டே இருக்கும். துகள் கூடினால் நீலத்துக்குள் நெருப்புப் பொறி போலப் புள்ளிகள் வரும். ஒரு பழைய லொறி கடந்து போனால் சுவரில் தெரியும்.

மூன்றாவது ஸ்கொட்லாந்துக்கு மேற்கே நோர்த் யுயிஸ்ட் தீவில், லொக்மடி என்ற கரையோர ஊரில் பெக்கா நீட்டிவீர்த்தாவும் திமோ ஆஹோவும் 2018 இல் செய்த வெண்கோடுகள். அதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆகவே தனியாக.

அந்த வெண்கோடுகளை அப்படியே எங்கள் டச்சுக் குடாவில் போடலாமே?

படத்தைப் பார்த்த எல்லோருக்கும் இந்த ஆசை வரும். எனக்கும் வந்தது. ஓர் அருங்காட்சியகக் கட்டடத்தின் வெளிச்சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளை ஒளிக்கோடு போகும். பக்கத்து வெளியின் குறுக்காகவும் அதே மட்டத்தில் கோடு நீளும். கடல் பெருகும்போது உணரிகள் அதை உணர்ந்து லைட்டை எரியவைக்கும். எதிர்காலக் கடல்மட்டம் உயர்ந்தால் பெருக்கு நேரத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை அந்தக் கோடு சொல்லும். பார்த்தால் நெஞ்சு ஒருதரம் நிற்கும்.

ஆனால் அந்தக் கடல் வேறு, எங்கள் கடல் வேறு. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நாலு மீற்றர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். காலையில் தரையில் சாய்ந்து கிடக்கும் வள்ளம் மத்தியானம் மிதக்கும். எங்களுக்கு அமாவாசை, பறுவ நாட்களில்கூட அரை மீற்றரைச் சுற்றித்தான் வித்தியாசம். உட்துறைமுக வீதியில் நின்று பார்க்கிறவருக்கு வற்று எப்போது, பெருக்கு எப்போது என்று பிரித்தறிவதே கஷ்டம். கரைவலை இழுக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஆகவே பெருக்குக்கு எரியும் லைட் என்று இங்கே ஒன்றை வைத்தால் அது எரிவதற்கும் அணைவதற்கும் காரணம் யார் கண்ணுக்கும் பிடிபடாது. பழுதான லைட் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று, அந்த ஒளிக்கோடு எந்த உயரத்தில் வர வேண்டும்? உலகக் கடல்மட்டம் 1901 இலிருந்து 2018 வரை சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது என்று ஐநாவின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி தன் அறிக்கையில் சொல்கிறது. 2100 அளவில், வாயு வெளியேற்றம் நன்றாகக் குறைந்தால் ஏறத்தாழ 30 முதல் 55 சென்ரிமீற்றர், மிக மோசமாகப் போனால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை உயரும் என்று அதே அறிக்கை கணக்கிடுகிறது. எங்கள் ஊர் மதிலில் இதைக் குறித்தால் முழங்காலிலிருந்து இடுப்பு வரை வரும். ஆள் உயரக் கோடு நாடகத்தனமாக இருக்கும், ஆனால் அதற்குள் புயல் அலையையும் பெருக்கையும் சேர்த்துக் கணக்குக் காட்டாவிட்டால் அது பொய். முழங்கால் உயரக் கோடு உண்மை, ஆனால் படத்தில் எடுபடாது. எதைத் தெரிவு செய்வது என்று எங்களுக்குள் இரண்டு கிழமை சண்டை. கடைசியில் கடல்மட்டத்தையே விட்டுவிட்டோம்.

நெதர்லாந்தில் செய்தார்களே, தலைக்கு மேல் நீல அலை. அதுவாவது?

டான் ரூசகார்ட 2015 இல் செய்தது. அணைகள் இல்லாவிட்டால் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை, புகையும் நீல ஒளியும் சேர்த்து அம்ஸ்ரர்டாமின் பெரிய மைதானத்தில் சனத்தின் தலைக்கு மேல் மிதக்கவிட்டார். நாட்டின் கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அது பொருத்தமான காட்சி.

திருகோணமலைக் கடற்கரையில் அதைச் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். 2004 மார்கழி 26 இல் தலைக்கு மேல் உண்மையாகவே தண்ணீரைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே அம்மா இன்றைக்கும் கடல் இரைச்சல் கூடினால் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார். அவருக்கு நீல அலை கலையாகத் தெரியாது. அதோடு சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலையால் அல்ல. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் குழைத்தால் பிள்ளைகள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே குழப்பிக்கொண்டுதான் கேட்டார்கள்.

அப்படியானால் எங்கள் ஊருக்கு எந்த எண்?

என் பதில்: கடலின் சூடு. இரண்டாவது, மகாவலியின் உயரம்.

கடலின் சூடு ஏன்? நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு இருக்கிறது. 2003 இலிருந்து தேசிய பூங்கா. அங்கே பவளம் இருக்கிறது, பவளத்தை நம்பி மீன் இருக்கிறது, மீனையும் பவளத்தையும் பார்க்க வருகிறவர்களை நம்பிப் படகுக்காரர்கள் இருக்கிறார்கள். ஓர் இடத்தில் வருடத்தின் மிகச் சூடான மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவு வெப்பநிலை இருக்குமோ, அதைவிட ஒரு பாகை கூடி, அந்தச் சூடு சில கிழமை நீடித்தால் பவளம் தன்னோடு வாழும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். சூடு தணிந்தால் மீளும், தணியாவிட்டால் சாகும். 1998 இல் இலங்கைக் கரையோரத்தில் பெருமளவு பவளம் இப்படித்தான் போனது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார்கள்.

ஒரு பாகை என்பது கை வைத்துப் பார்த்தால் தெரியாது. எங்கள் கடல் சித்திரை வைகாசியில் 30 பாகையை எட்டும், குளிக்கிறவருக்கு "சூடாக் கிடக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் விளங்காது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத எண் இது. கடல்மட்டத்தைப் போல் இல்லாமல் இதற்கு லைட் உண்மையிலேயே தேவை. அதனால்தான் இதைத் தெரிவு செய்தோம்.

மகாவலி ஏன்? கொட்டியாரக்குடாவில் ஆறு வந்து விழுகிற இடம் மூதூர்ப் பக்கம். மேலே மலையில் பெய்த மழை இங்கே வந்து சேர நேரம் எடுக்கும். மன்னம்பிட்டியில் ஆற்றின் உயரத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது. எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம் என்று அதற்குப் படிகள் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்தபோது, மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கத்துக்காரர் எல்லோரும் போனை வைத்துக்கொண்டு அந்த எண்ணைத்தான் கேட்டார்கள். ஆனால் ஒரு வெள்ளம் காலநிலை ஆகாது. வருடக்கணக்கான வெள்ளங்களை ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் காலநிலை தெரியத் தொடங்கும். அந்தச் சுவர் இன்னும் எங்களிடம் இல்லை.

லைட்டை வெள்ள எச்சரிக்கைக்குப் பாவிக்கலாமா?

வேண்டாம். ஒரு வயர் துருப்பிடித்தால் லைட் அணையும். லைட் எரியவில்லை, ஆகவே பயமில்லை என்று யாராவது ஒருவர் படுத்துத் தூங்கினால் அந்தப் பாவம் எங்களைச் சேரும். எச்சரிக்கை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வேலை.

தரவு எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா?

கடல் மேற்பரப்பு வெப்பநிலையை அமெரிக்க அரசின் கடல், வானிலை நிறுவனமான நோவா செய்மதி மூலம் நாள்தோறும், ஐந்து கிலோமீற்றர்க் கட்டங்களாக இலவசமாகத் தருகிறது. பவளத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதில் வெறும் வெப்பநிலையோடு, சூடு எவ்வளவு கூடி எத்தனை கிழமை நீடித்தது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணும் இருக்கும். அந்த எண் 4 ஐத் தாண்டினால் வெளிறல் எதிர்பார்க்கலாம். 8 ஐத் தாண்டினால் சாவும் எதிர்பார்க்கலாம். நாங்கள் இந்தச் சேர்த்த எண்ணைத்தான் பாவிக்கிறோம். தனி வெப்பநிலையைக் காட்டினால் ஒரு மழைக்கு இறங்கி, மறுநாள் ஏறி, பார்க்கிறவரைக் குழப்பும்.

மழைக்கும் காற்றுக்கும் வளிமண்டலவியல் திணைக்களம். திருகோணமலை நிலையத்தின் பதிவுகள் பிரித்தானியர் காலத்திலிருந்து வருகின்றன. நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

வெப்பக் கோடுகளைப் பள்ளிக்கூடச் சுவரில் காட்டலாமா?

தாராளமாக. எட் ஹோக்கின்ஸ் என்ற பிரித்தானியக் காலநிலை அறிஞர் 2018 இல் பரவலாக்கியது. ஒரு வருடத்துக்கு ஒரு கோடு, குளிரான வருடம் நீலம், சூடான வருடம் சிவப்பு. எண்ணோ எழுத்தோ கிடையாது. புரஜெக்டர் ஒன்றும் வெள்ளைச் சுவரும் போதும். இலங்கைக்கான கோடுகள் இலவசமாகவே கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் நிறத்தின் அளவுகோல் வேறு. எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் வருடத்துக்கு வருடம் வித்தியாசம் சிறியது. ஆகவே எங்கள் கடுஞ்சிவப்பும் நோர்வேயின் கடுஞ்சிவப்பும் ஒரே அளவு சூடு அல்ல. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆசிரியர் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

காற்று மாசைக் காட்டினால் சனத்துக்கு இன்னும் உறைக்காதா?

உறைக்கும். ஆனால் அது காலநிலைத் தரவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான், அதுவே அல்ல. எரிக்கிற பொருள் ஒன்று, அதிலிருந்து வருவது இரண்டு. கரியமில வாயு காலநிலைக்கு, நுண்துகள் நெஞ்சுக்கு.

செய்ய விரும்பினால் மிகவும் மலிவான வழி ஒன்று உண்டு. கலைஞர் ரொபின் பிறைஸும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் போப்பும் இந்தியா, எதியோப்பியா, பிரித்தானியா ஆகிய இடங்களில் செய்தார்கள். ஒரு தடியில் எல்ஈடி, அதோடு துகள் அளக்கும் சிறிய உணரி. கமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்து வைத்துவிட்டு, இருட்டில் ஒருவர் தடியைப் பிடித்தபடி நடப்பார். துகள் எவ்வளவோ அவ்வளவு புள்ளி படத்தில் விழும். நடந்தவர் படத்தில் இருக்கமாட்டார். வட இந்தியாவின் பாலம்பூரில் ஒரு விளையாட்டுத் திடல், டெல்லியில் ஒரு விளையாட்டுத் திடல். டெல்லிப் படத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் துகள்.

திருகோணமலையில் கடல் காற்று பெரும்பாலான நாட்களில் காப்பாற்றிவிடுகிறது. எப்போதும் அல்ல. 2022 மார்கழியில் இந்தியப் பக்கமிருந்து மாசு வந்து மூடி, 9 ஆம் திகதி நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், ஞாபகமிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் தடியோடு ஒருநாள், கச்சான் காற்று அடிக்கும் ஆனியில் ஒருநாள், அதே இடத்தில் படம் எடுத்துப் பாருங்கள்.

எனக்கு எலெக்ட்ரோனிக்ஸ் தெரியாது. எங்கே தொடங்குவது?

மூன்று பொருள். தனித்தனியாக நிறம் மாறும் எல்ஈடி பட்டி, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறிய பலகை, சரியான வோல்ட் தரும் மின்வழங்கி. பலகைக்கு எழுதும் நிரல் நூறு வரிக்குள் முடியும். ஏஎல் படிக்கிற தொழில்நுட்பப் பாடப் பிள்ளை ஒன்றைப் பிடித்தால் ஒரு சனிக்கிழமை வேலை.

கஷ்டம் அதில் இல்லை, உப்பில் இருக்கிறது. நாங்கள் முதலில் போட்ட பட்டி சாதாரணமானது. பன்னிரண்டாம் நாள் கடைசி ஒரு மீற்றர் பச்சையாக உறைந்து நின்றது. கழற்றிப் பார்த்தால் ஈயம் பற்றவைத்த இடங்களில் பச்சைப் பூஞ்சணம் போலச் செம்பு துருப்பிடித்திருந்தது. நகத்தால் தட்ட, வயர் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது தடவை தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் சிலிக்கன் உறை போட்ட பட்டி வாங்கினோம். மூட்டுகளுக்கு மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாய், அதன் இரு வாயிலும் சிலிக்கன், பெட்டிக்குள் போகும் வயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி, நுழைவதற்கு முன் ஒரு தொங்கல். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடிவந்து அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. இந்தத் தொங்கல் யோசனையைத் தந்தவர் வள்ளத்தின் இஞ்சின் திருத்தும் ஓர் அண்ணா. நாங்கள் படித்த எதிலும் அது இருக்கவில்லை.

ஊருக்குள் திரியும் மானையும் கணக்கில் எடுங்கள். இந்த ஊரில் மதில் ஓரம் எது தொங்கினாலும் மான் ஒருமுறை மென்று பார்க்கும். வயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

லைட் எரிகிறது, ஆனால் சரியான எண்ணைத்தான் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

இதைக் கேட்டவர் கடலை விற்கிற அக்கா. உண்மையில் அவர் கேட்கவில்லை, கண்டுபிடித்தார். "தம்பி, நாலு நாளா இது ஒரே நிறம், எரிஞ்ச நேரம் முழுக்க ஒரு துளியும் அசையேல்ல" என்றார். நான் கடல் அப்படித்தான் மெதுவாக மாறும் என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். இரவு பார்த்தால் வைஃபை கடவுச்சொல்லை நண்பர் மாற்றியிருக்கிறார். பலகை நாலு நாளாகப் பழைய எண்ணையே பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல எரிந்திருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. அன்றே நிரலை மாற்றினோம். வந்த எண்ணின் திகதி இரண்டு நாளைவிடப் பழையது என்றால் பட்டி முழுவதும் அணைந்து, நடுவில் ஒரேயொரு புள்ளி மட்டும் எரியும். தெரியாது என்று சொல்லும் புள்ளி அது. அதோடு, பட்டியின் அடியில் அன்றைய எண்ணையும் திகதியையும் சோக்கால் எழுதுகிறோம். மறந்துவிட்டால் அக்கா எழுதிவிடுவார். யார் வேண்டுமானாலும் போனில் தரவைப் பார்த்து, சோக் எண்ணோடும் நிறத்தோடும் ஒப்பிடலாம். சிலர் ஒப்பிட்டிருக்கிறார்கள். பிழை பிடிக்க ஆசைப்படுகிற ஊர் இது, அந்தக் குணம் இதற்கு நன்றாக உதவுகிறது.

எந்த நிறம் போடுவது?

பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் இந்த நாட்டில் கட்சி நிறம். சிரிக்காதீர்கள், தேர்தல் காலத்தில் எங்களிடம் வந்து கேட்டார்கள். அதைவிட முக்கியம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். நிறத்தோடு நீளத்தையும் மாற்றினோம். சூடு கூடினால் எரியும் பகுதி நீளும். நிறம் தெரியாதவர் நீளத்தைப் பார்க்கலாம்.

ஆமைக்குஞ்சு, மீன், வள்ளம் இவற்றுக்குப் பாதிப்பு வராதா?

வரும், கவனிக்காவிட்டால். முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நினைத்து நடக்கும். வெள்ளையும் நீலமும் பச்சையும் அதை றோட்டுக்கு இழுத்துவிடும். செம்மஞ்சள் குறைவாகவே பாதிக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சாதாரணப் பட்டியில் செம்மஞ்சள் போட்டால் அது சிவப்பும் பச்சையும் கலந்த பொய்ச் செம்மஞ்சள். எங்கள் கண்ணை ஏமாற்றும், ஆமையின் கண்ணுக்குப் பச்சை பச்சையாகவே போகும். செம்மஞ்சள் சில்லு தனியாக உள்ள பட்டி கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கடல் பக்கமே தெரியாதபடி றோட்டுப் பக்கமாக, தாழ்வாக, மறைப்போடு வையுங்கள். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

வள்ளங்களுக்குச் சிவப்பும் பச்சையும் திசை காட்டும் விளக்குகள். கடலிலிருந்து தெரியும்படி அவற்றைக் கரையில் வைப்பது ஆபத்து, மின்னவிடுவது இன்னும் ஆபத்து. தண்ணீருக்கு மேல் வெளிச்சம் பாய்ச்சவே பாய்ச்சாதீர்கள். வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டிப் பிடிக்கும் லைட் கோர்ஸ் மீன்பிடிக்கு எதிராக எங்கள் கடற்றொழிலாளர் எவ்வளவு காலம் சத்தம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவர் எவரும் இரவில் கடலுக்கு லைட் அடிக்கமாட்டார்.

கோணேசர் மலையில், கோட்டைச் சுவரில் செய்தால் எவ்வளவு அழகாக இருக்கும்?

அழகாக இருக்கும். கோட்டை 1624 இல் போர்த்துக்கேயர் தொடங்கியது, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், உள்ளே படை முகாம் இருக்கிறது. மேலே கோயில் இருக்கிறது, கோயிலுக்கென்று விளக்கு இருக்கிறது. துறைமுகப் பக்கம் போனால் துறைமுக அதிகாரசபையும் கடற்படையும். கடற்கரை மணலில் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம். புறாத்தீவில் என்றால் வனசீவராசிகள் திணைக்களம், அங்கே இரவில் லைட் கேட்கவே கேட்காதீர்கள். லேசரை வானத்துக்கு அடிக்க நினைத்தால், சீனக்குடாவில் விமான நிலையம் இருக்கிறது. தனியார் மதில், பள்ளிக்கூடச் சுவர், கடை முகப்பு. தொடங்குவதற்கு இவை போதும்.

மின்சாரத்தை மிச்சம் பிடி என்று சொல்லிவிட்டு நீங்களே லைட் போடுகிறீர்களே?

நியாயமான குத்தல். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. கணக்கைப் பாருங்கள். ஐந்து மீற்றரில் 300 எல்ஈடி. எல்லாம் முழு வெள்ளையில் எரிந்தால் ஏறத்தாழ 90 வாற்று. நாங்கள் ஒரு நிறத்தில், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் எரிக்கிறோம், 15 வாற்று அளவில் வரும். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை நாலு மணித்தியாலம். மாதத்துக்கு 2 அலகுக்குள். வீட்டுச் சீலிங் ஃபான் மூன்று இரவு சுற்றுகிற கணக்கு. 50 வாற்று சூரியத் தகடும் 12 வோல்ட் பற்றரியும் வைத்தால் மின்சார சபையே வேண்டாம், மாரியில் இடையிடையே கைவிடும்.

புரஜெக்டர் வேறு கதை. பெரிய கட்டடத்தை நிறைக்கும் புரஜெக்டர் மின்சாரத்தைக் குடிக்கும். அதை ஓர் இரவு, இரண்டு இரவோடு நிறுத்துங்கள்.

இதைப் பார்த்து யாராவது திருந்தினார்களா?

தெரியாது. திருந்தச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை. ஒரு படகுக்கார அண்ணா மட்டும், பட்டி பாதிக்கு மேல் எரிகிற நாட்களில், புறாத்தீவுக்குப் போகிறவர்களிடம் "பவளத்தில காலை வைக்காதேங்கோ, அதுக்கு இப்ப காய்ச்சல்" என்று சொல்கிறாராம். அவராகத் தொடங்கியது.

வருடம் முழுவதும் வைத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. பவளத்துக்குச் சூடான காலம் பங்குனியிலிருந்து ஆனி வரை, எங்கள் பட்டியும் முக்கியமாக அந்தக் காலத்துக்குத்தான். ஐப்பசியில் கழற்றி, நல்ல தண்ணீரில் துடைத்து, மூட்டுகளைப் பார்த்து, அரிசிச் சாக்கில் சுற்றி வைக்கிறோம். 2020 மார்கழி 2 இல் புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையால் ஏறியபோது மதிலோடு கூரைத் தகடுகளே போயின. பட்டி எந்த மூலைக்கு? மகாவலிச் சுவர் ஒன்று கிடைத்தால், இதே பட்டியை மாரிக்கு மூதூருக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. சுவர் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள். இரண்டு மீற்றர் உயரம், றோட்டுப் பக்கம் பார்த்தபடி, பக்கத்தில் சோக்கால் எண் எழுத ஓர் ஆள்.